ஒரு கிராமில் மூன்று கிரவுண்ட்

மீன் தொட்டி விற்கும் கடைகளில் மெத்திலீன் நீலம் என்றொரு மருந்து கிடைக்கும். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தொட்டித் தண்ணீரில் விடுவது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் அந்த மருந்து ஒரு சொட்டும் இன்னொன்றில் கேசரிப் பவுடர் ஒரு துளியும் கரையுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு தேக்கரண்டி முல்தானி மட்டியைப் போட்டு நன்றாகக் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் வைத்துவிடுங்கள். காலையில் நீல டம்ளரில் மேலே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய நிறமிழந்திருக்கும். நீலமெல்லாம் அடியில் படிந்த மண்ணில் ஏறியிருக்கும். கேசரி டம்ளரோ மஞ்சளாகவே இருக்கும்.

தண்ணீரும் ஒன்று, மண்ணும் ஒன்று. ஆனாலும் மண் ஒரு சாயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. அந்தத் தேர்வுக்குக் காரணம் தெரிந்துவிட்டால், முகத்தில் பூசும் களிமண்ணைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எது மெய், எது மிகை என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். (சோதித்த மண்ணைக் கொட்டிவிடுங்கள். முகத்துக்கு வேண்டாம்.)

களிமண் என்று மண்ணியலார் சொல்வது முதலில் ஓர் அளவைத்தான். 2 மைக்ரானுக்கும் குறைந்த துகள்தான் களி. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பாறையைத் தண்ணீர் ஆயிரமாயிரம் ஆண்டுகள் கரைத்து, கரைந்தவை மீண்டும் கூடிப் படிகமாவதால் களிக்கனிமங்கள் பிறக்கின்றன. எரிமலைச் சாம்பல் கடலிலோ ஏரியிலோ விழுந்து ஊறினாலும் உருவாகும். எப்படியும் தண்ணீர் இல்லாமல் இவை இல்லை. அதனால்தான் 2013-இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் ஒரு பாறையைத் துளைத்துப் பார்த்து ஸ்மெக்டைட் வகைக் களிமண் இருப்பதைக் கண்டபோது, அங்கே ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அறிவியலாளர்களால் உறுதியாகப் பேச முடிந்தது. நாம் பன்னீரில் குழைத்துப் பூசும் முல்தானி மட்டியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வெறும் கண்ணுக்குக் களிமண் ஒழுங்கே இல்லாத சேறாகத் தெரியும். நீண்டகாலம் வேதியியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்த பிறகே, அந்தச் சேற்றுக்குள் வைரத்துக்கு நிகரான ஒழுங்கு இருப்பது தெரிந்தது. மைக்கா போன்ற அடுக்குக் கனிமங்களின் கட்டமைப்பை வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1930-இல் வெளியிட்டார். களிமண்ணின் கட்டமைப்பும் அந்த வழியிலேயே அடுத்த சில ஆண்டுகளில் விளங்கியது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடு ஒன்று. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடு இன்னொன்று. இந்த இரண்டு வகைத் தகடுகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் களிமண்களின் வேறுபாடெல்லாம் இருக்கிறது.

சிலிக்கன் தகடு ஒன்றும் அலுமினியத் தகடு ஒன்றுமாக ஒட்டி, அந்த இணைகள் ஒன்றன்மேல் ஒன்று இறுக அடுக்கியிருந்தால் அது கேயோலின். சீனத்தில் ஜிங்டெஜென் பீங்கான் நகரத்துக்கு அருகே உள்ள காவ்லிங் குன்றின் பெயரிலிருந்து வந்தது இந்தப் பெயர். அங்கே தங்கியிருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712-இல் எழுதிய கடிதம் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிற்று. கேயோலினின் அடுக்குகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் இடையில் தண்ணீர் நுழையாது. ஊறினாலும் உப்பாது. வெள்ளை வெளேரென்று, சாதுவான மண்.

இரண்டு சிலிக்கன் தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினியத் தகடு அமைந்தால் அது ஸ்மெக்டைட். இதில் முதன்மையானது மாண்ட்மொரிலோனைட். பிரான்சில் உள்ள மாண்ட்மொரிலான் ஊரை வைத்து 1847-இல் பெயர் பெற்றது. இந்தக் கனிமம் மிகுந்த மண்ணுக்குத்தான் பெண்டோனைட் என்று வணிகப் பெயர். அதுவும் ஓர் இடப்பெயரின் வழி வந்ததுதான்; அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த மண்ணுக்கு 1898-இல் வில்பர் நைட் என்ற புவியியலாளர் சூட்டியது.

மாண்ட்மொரிலோனைட்டில் இயற்கை செய்த ஒரு சிறு மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் வேர். நடுத்தகட்டில் மூன்று நேர்மின்னூட்டம் உள்ள அலுமினியம் உட்கார வேண்டிய இடங்கள் சிலவற்றில், படிகம் உருவாகும்போதே, இரண்டு மின்னூட்டம் மட்டும் உள்ள மெக்னீசியம் உட்கார்ந்துவிடுகிறது. அப்படி மாறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர்மின்னூட்டம் குறைகிறது. தகடு முழுவதும் எதிர்மின் தன்மை பெறுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, சோடியம், கால்சியம் போன்ற நேர் அயனிகள் தகடுகளுக்கு இடையே வந்து தங்குகின்றன. தங்குகின்றனவே தவிர, பிணைந்துவிடுவதில்லை. வேறொரு நேர் அயனி வந்தால் இடம் கொடுத்து வெளியேறிவிடும்.

மெத்திலீன் நீலம் தண்ணீரில் நேர்மின் அயனியாகப் பிரியும் சாயம். சோடியத்தையும் கால்சியத்தையும் தள்ளிவிட்டுத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. கேசரிப் பவுடரில் இருக்கும் மஞ்சள் சாயங்கள் எதிர்மின் அயனிகள். எதிர்மின் தகடு அவற்றை அண்டவிடாது. இரவில் டம்ளருக்குள் நடந்தது இவ்வளவுதான். ஆனால் இந்த ‘இவ்வளவுதான்’ உலகத்துக்கே சோறு போடுகிறது. வயலில் போடும் உரத்தின் அமோனியத்தையும் பொட்டாசியத்தையும் மழை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பது மண்ணின் இந்தக் குணமே. இங்கிலாந்தில் தாமஸ் வே என்ற வேதியியலாளர் 1850-இல் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார். காவிரிப் படுகையின் கறுத்த களிமண் இன்றும் அதையே செய்துகொண்டிருக்கிறது.

இனி பரப்பளவு. தகடு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இடையில் தண்ணீர் நுழைந்து தகடுகள் விலகிக்கொண்டால் ஒவ்வொரு தகட்டின் இரு முகங்களும் வெளிப்படும். ஒரு கிராம் மாண்ட்மொரிலோனைட்டில் இப்படி வெளிப்படும் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். வீட்டுமனைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டுக்கும் மேல். விரல் நுனியில் எடுத்த மண்ணுக்குள் மூன்று மனை! கேயோலினுக்கு இது ஒரு கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர் அளவில்தான். நல்ல சோடியம் பெண்டோனைட் தண்ணீரில் பத்து மடங்குக்கு மேல் உப்புவதும், கேயோலின் உப்பாமல் இருப்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கைக் கேட்டதும், அவ்வளவு பரப்பும் முகத்திலிருந்து எதையோ இழுத்து எடுக்கும் என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். தோலின் எண்ணெய், அதாவது சீபம், பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத கொழுப்பு. மெத்திலீன் நீலம் போல அது தகட்டைத் தேடிப் போகாது. களிமண் அதை எடுப்பது இன்னொரு வழியில். பூச்சிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாக, துகள்களுக்கு இடையிலான நுண்ணிய இடுக்குகள் காலியாகின்றன. தோலோடு ஒட்டியிருக்கும் எண்ணெய் நுண்துளை ஈர்ப்பால் அந்த இடுக்குகளில் ஏறிக்கொள்கிறது. கழுவும்போது மண்ணோடு போய்விடுகிறது. மேலே தளர்ந்து கிடக்கும் இறந்த செல்களும் அழுக்கும் கூடவே போகின்றன.

இந்த வேலைக்காகவே மனிதன் இந்த மண்ணை முதலில் தேடினான். ஆட்டு மயிரில் இயல்பாகவே பிசுக்கு உண்டு. அதைப் போக்காமல் கம்பளித் துணியில் சாயம் ஏறாது. ரோமானியர் காலம் முதல் கம்பளி வெளுப்போர் துணியில் இந்த மண்ணைக் குழைத்து மிதித்துப் பிசுக்கெடுத்தார்கள். கம்பளித் தொழிலில் செழித்த இங்கிலாந்து, 17-ஆம் நூற்றாண்டில் இந்த மண் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஏற்றுமதிக்கே தடை போட்டிருந்தது. நம் துணைக்கண்டத்தில் முல்தான் நகரத்தின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. முல்தான் இப்போது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்குள்ளும் ராஜஸ்தானின் பார்மர், பிகானேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் இந்த மண் வெட்டி எடுக்கப்படுகிறது. மொராக்கோவில் மூலூயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எடுக்கும் ‘ரசூல்’ என்ற மண்ணால் அங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தலைமுடியையும் உடம்பையும் கழுவுகிறார்கள். அது மெக்னீசியம் மிகுந்த ஸ்மெக்டைட்.

தமிழ்நாட்டிலும் மண்ணால் துணி வெளுத்தார்கள். ஆனால் சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உவர்மண் வேறு வகை. அதில் வேலை செய்வது மண்ணில் பூத்திருக்கும் சோடியம் கார்பனேட் என்ற காரம். எண்ணெயைச் சோப்பாக்கிக் கரைத்துவிடும். துணிக்கு அது சரி. முகத்துக்குப் பகை. மண்ணால் அழுக்கு போகிறது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

நம் ஊரில் இந்த அறிவின் மிகச் சிறந்த வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரிக்குப் போக வேண்டும். வைணவர்கள் நெற்றியில் இடும் நாமக்கட்டி செய்யும் ஊர் அது. 2023-இல் ஜடேரி நாமக்கட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை மண்ணை அரைத்து, தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மேலே மிதக்கும் நுண்மண்ணை மட்டும் பிரித்து, காயவைத்துக் கட்டியாக உருட்டுகிறார்கள். இதில் பெரிய இயற்பியல் இருக்கிறது. தண்ணீரில் துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மணல் நொடிகளில் அடியில் போய்விடும். 2 மைக்ரான் துகளோ 10 சென்டிமீட்டர் கீழிறங்க எட்டு மணி நேரம் ஆகும். மண்ணியல் ஆய்வகத்தில் களியின் அளவை அறிய இன்றும் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜடேரிக்காரர்கள் கடிகாரம் பார்க்காமல் கையறிவால் அதைச் செய்கிறார்கள். நெற்றியில் உராயாமல் வழவழப்பாக இழுபடும் நாமத்துக்கு இந்தப் பொறுமைதான் காரணம். வீக்கத்துக்கும் வேனல் கட்டிக்கும் நாமக்கட்டியை உரசிப் பற்றுப் போடும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அதில் கிடைக்கும் இதம் பொய்யல்ல. ஈரம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. களிமண் ஈரத்தை மெல்ல மெல்ல விடுவதால் வெறுந்தண்ணீரைவிடக் கூடுதல் நேரம் குளிர்ச்சி நீடிக்கிறது.

அடுத்து, காயும்போது வரும் அந்த இறுக்கம். தோல் இறுகி இளமையாகிறது என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மையில் சுருங்குவது மண். தண்ணீர் குறையக் குறைய, மீதி நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுக்கிறது; கோடையில் ஏரி வெடிப்பதும் இதே விசையால்தான். மண்ணோடு ஒட்டியிருக்கும் தோலும் சேர்ந்து இழுபடுகிறது. கழுவியதும் அந்த இறுக்கம் போய்விடும். முற்றக் காயவிட்டால் வேறொரு தொல்லையும் உண்டு: எடுக்கத் தண்ணீர் இல்லாத மண், தோலின் மேலடுக்கில் இருக்கும் ஈரத்தையே எடுக்கத் தொடங்கும். அந்த மேலடுக்கின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் இங்கிருந்து வருகின்றன. பூச்சின் ஓரம் வெளுக்கத் தொடங்கும்போதே, நடுவில் ஈரம் இருக்கும்போதே, கழுவிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்து நிமிடம் போதும்.

‘உடம்பின் நச்சை உறிஞ்சி எடுக்கும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு மெய்யான அடிப்படை உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி, இரண்டு நேர்மின்னூட்டங்கள் கொண்ட மூலக்கூறு. வயல் மண்ணில் விழுந்த உடனேயே களித்தகடுகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால், அது தவறி வயிற்றுக்குள் போய்விட்டால் மருத்துவமனைகளில் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்த மண்ணையோ கிளர்வூட்டிய கரியையோ கரைத்துக் கொடுக்கிறார்கள். உயிர் பிழைப்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. வீட்டில் செய்யும் வைத்தியமும் அல்ல. கால்நடைத் தீவனத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சைக் கட்டிப்போடவும் பெண்டோனைட்டைக் கலக்கிறார்கள். இவையெல்லாம் நஞ்சும் மண்ணும் ஒரே இடத்தில், குடலுக்குள், நேருக்கு நேர் சந்திக்கும் சூழல்கள். முகத்தில் பூசிய மண் இரத்தத்தில் இருப்பதைச் சந்திப்பதே இல்லை. நடுவில் தோல் நிற்கிறது, நிற்பதற்காகவே அது இருக்கிறது. இரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். இரும்புக் கரண்டி பட்டால் களிமண்ணின் ‘சக்தி’ போய்விடும் என்பதும் இப்படிப்பட்ட கதையே. சில நிமிடம் எவர்சில்வர் கரண்டியால் கலக்குவதால் தகடுகளின் மின்னூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது; அது படிகத்துக்குள்ளேயே எழுதப்பட்டது.

கிருமிகளைப் பற்றியும் ஒரு கதை உண்டு, இது நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் புருலி புண் என்ற கொடிய தோல்நோய்க்கு லீன் புருனே த குர்ஸு என்ற பிரெஞ்சுப் பெண்மணி பச்சைக் களிமண்ணைப் பூசிச் சிகிச்சை அளித்தார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிண்டா வில்லியம்ஸும் ஷெல்லி ஹைடலும் அந்த மண்ணை ஆராய்ந்தார்கள். அந்தப் பெண்மணி பயன்படுத்திய பிரெஞ்சு மண்கள் இரண்டு. கனிம அமைப்பில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஆய்வகத்தில் ஒன்று பாக்டீரியாக்களைக் கொன்றது. மற்றதில் அவை கொல்லப்படவே இல்லை. சில செழித்து வளர்ந்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நீலக் களிமண் ஒன்றைப் பின்னர் ஆராய்ந்தபோது, அதிலிருந்து தண்ணீரில் கரையும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து பாக்டீரியாவைத் தாக்குவதாகக் கண்டார்கள். கொல்லும் திறன் களித்தகட்டில் இல்லை, அதோடு வரும் உலோகங்களிலும் அமிலத்தன்மையிலும் இருந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மண்களில் ஒன்று மருந்தாகவும் மற்றது கிருமிக்கு உணவாகவும் இருக்கும் என்றால், ‘இயற்கைக் களிமண் கிருமிநாசினி’ என்று பொட்டலத்தின்மேல் அச்சிடுவது நேர்மையாகாது.

நம் வீட்டில் நமக்குத் தெரியாமலேயே களிமண் இருக்கிறது. வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனைக் குலுக்கிவிட்டுத்தானே ஊற்றுகிறோம்? பிரிட்டிஷ் மருந்து நூலின்படி தயாராகும் காலமைன் லோஷனில் 3 விழுக்காடு பெண்டோனைட் உண்டு. களித்தகட்டின் முகம் எதிர்மின், விளிம்பு நேர்மின். அசையாமல் இருக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, திரவம் முழுக்க ஒரு மெல்லிய சட்டகம் எழும்புகிறது. லோஷனில் உள்ள துத்தநாகச் சேர்மத் தூள் அடியில் இறுகிப் படியாமல் அது தாங்குகிறது. குலுக்கினால் சட்டகம் சரிந்து திரவம் ஓடுகிறது. வைத்துவிட்டால் மீண்டும் எழும்புகிறது. நகப்பூச்சிலும் மினுக்குத் துகள்களைத் தாங்கி நிற்பது, எண்ணெய்ப் பொருளோடு சேரும்படி மாற்றிய களிமண்தான். பூச்சு தூரிகையிலிருந்து வழியாமல், நகத்தில் இழுத்ததும் பரவுவதன் இரகசியம் அது.

வீட்டில் குழைப்பவர்களுக்கு என் பரிந்துரை எளிமையானது. எண்ணெய் வழியும் முகமானால் முல்தானி மட்டி, வாரம் ஒரு முறை. வறண்ட தோலுக்கும் சட்டென்று சிவக்கும் தோலுக்கும் கேயோலின். அது குறைவாகவே எடுக்கும், அதுதான் வேண்டியது. தோலின் பி.எச். 5-ஐ ஒட்டியது. சோடியம் பெண்டோனைட் குழம்பின் பி.எச். 9-ஐத் தாண்டும். அதனால் பெண்டோனைட்டைத் தண்ணீருக்குப் பதில் மோரிலோ தயிரிலோ குழைப்பதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. லாக்டிக் அமிலம் காரத்தைத் தணிக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது என்பது ஒருபக்கம். நம் ஊர் எலுமிச்சையில் உள்ள ஃபியூரோகூமரின்கள் தோலில் தங்கி வெயில் பட்டால் கொப்புளமும் பல வாரம் மறையாத கறுப்பும் வரலாம். குழைத்ததை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். ஈரமும் தயிரும் சேர்ந்த மண்ணில் கிருமிகள் பெருக ஓர் இரவு போதும். தூளைக் கொட்டும்போது மூச்சில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணோடு கலந்திருக்கும் குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

மண் பிடித்து வைக்கும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அது நல்லதை மட்டும் பிடித்து வைப்பதில்லை. ஈயமும் நேர்மின் அயனிதான். 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அங்கே விற்ற இரண்டு பெண்டோனைட் தயாரிப்புகளில் ஈயம் அதிகம் இருப்பதாக மக்களை எச்சரித்தது. பூசுவதைவிட விழுங்குவதில்தான் ஆபத்து அதிகம். வயிற்றைச் சுத்தம் செய்யக் களிமண் குடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அறவே குடிக்கக் கூடாது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் நுண்வித்துகள் உயிரோடு இருக்கும். ஆகவே திறந்த புண்ணிலும், உடைந்த பருவிலும், பிறந்த குழந்தையின் தொப்புளிலும் எந்த மண்ணையும் வைக்காதீர்கள். சாக்கில் இருந்து அள்ளித் தரும் உதிரி மண்ணை முகத்துக்கு வாங்காமல், தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட பொட்டலத்தை வாங்குங்கள். கன உலோகச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் சோதிப்பவர்களும் பெருகுவார்கள்.